ராஜரத்தினம் வீடு திரும்புகிறார்

படச்சுருளின் வால் சட்சட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. திரையில் படம் இல்லை, வெறும் வெள்ளை வெளிச்சம்தான். ஆனாலும் சங்கத் தலைவர் பர்னபாஸ் விளக்கத்தை நிறுத்தவில்லை.

"இந்த வெண்மையை நன்றாகக் கவனியுங்கள்," என்று கையிலிருந்த பிரம்பால் திரையைத் தொட்டார். "கிணறு தோண்டிய மக்களின் உள்ளத்தில் உண்டான வெறுமையை டைரக்டர் இவ்வாறு உணர்த்துகிறார்."

பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் இருந்த கனகாம்பாள் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெறுமையுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை. சுருள் முடிந்துவிட்டது. மிஷினை நிறுத்த வேண்டியவர் நிறுத்தவில்லை. அவள் புருஷன் ராஜரத்தினம் வாலை அடிக்க விடுகிற ஆளே அல்ல. வீட்டில் சுவரில் வேட்டியைக் கட்டித் துண்டுப் படம் ஓட்டிப் பார்க்கும்போதுகூடக் கடைசி அடி ஓடுகையிலேயே விரல் குமிழுக்குப் போய்விடும். வால் ஒரு தரம் அடித்தால் பிலிமின் கன்னத்தில் அறைந்த மாதிரி என்பார். இப்போது விழுந்துகொண்டிருந்த அறைகளுக்கு எண்ணிக்கையே இல்லை.

எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு, பின்வரிசைக்குப் போனாள்.

கதவோரம் மேஜைமேல் மிஷின். பக்கத்து முக்காலியில் அவர் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மோவாய் நெஞ்சைத் தொட்டிருந்தது. வலது கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. வழக்கமாகத் தூங்கும்போது வாய் கோணும். இன்று கோணவில்லை.

அப்துல் ரவூப் அதற்குள் வந்துவிட்டிருந்தான். வாடகைக்கு ஜீப் ஓட்டுகிறவன், ராஜரத்தினத்தின் கேமராவையும் அதன் மூன்று கால்களையும் ஊரெல்லாம் ஏற்றிச் சுமந்தவன். அவருடைய மூக்கின் கீழே புறங்கையை வைத்தான். கழுத்தில் விரலை அழுத்தினான். பிறகு மறுபடி மூக்கு.

கனகாம்பாள் குமிழைத் திருப்பினாள். மண்டபம் இருண்டது. முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"அக்கா," என்றான் ரவூப் அவள் காதருகே. "அண்ணன் போயிட்டாரு."

அன்றைய கூட்டத்துக்குப் பெயர் ஆசிய ஆப்பிரிக்க மக்கள் குறும்படக் காட்சி. கெமின்டைன் படித்துறைப் பக்கம் சங்க மண்டபத்தில், ஞாயிறு காலை. ஜன்னல்களிலெல்லாம் கறுப்பு லுங்கிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெளிச்சம் நின்றதோ இல்லையோ, காற்று நின்றுவிட்டது. "நூறு ஆண்டுகளாக வெள்ளையன் நம்மைப் படம் பிடித்தான். அவன் படங்களில் நாம் மூட்டை தூக்கினோம், குடை பிடித்தோம், புலி வந்தால் முதலில் ஓடினோம். இனி கறுப்பும் பழுப்பும் மஞ்சளுமான நாமே நம்மைப் பிடித்துக்கொள்வோம்" என்று பர்னபாஸ் நோட்டீஸ் அடித்திருந்தார். எழுதியதில் தப்பேயில்லை. அதையே மேடையேறி, துறைமுக ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்த காலத்துக் கோட்டோடு, வியர்க்க வியர்க்கத் திருப்பிச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றிலிருந்து வந்திருந்த விருந்தாளி அதன் நடுவிலேயே இரண்டு தரம் கண்ணயர்ந்து விழித்தார்.

வந்த ஜனம் நோட்டீஸைப் படித்து வந்த ஜனமல்ல. வாசலில் நின்று சண்டை இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். "கிணறு இருக்கு," என்றார் ராஜரத்தினம். அந்தக் கிணற்றுப் படத்தில் எல்லாரும் பிரெஞ்சு பேசினார்கள். பர்னபாஸுக்குப் பிரெஞ்சு தெரியாது. அது ஒரு தடையாகவே அவருக்குப் படவில்லை.

கடைசிப் படம் ராஜரத்தினம் எடுத்தது. போட்டோ ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுகிறவராக இருந்தார். கடைகளையெல்லாம் பர்மிய சர்க்கார் எடுத்துக்கொண்ட வருஷம் முதலாளி கப்பலேறினார். சுங்கத்தில் விடமாட்டார்கள் என்று பதினாறு மில்லிமீட்டர் கேமராவை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மகளும் மருமகனும் அடுத்த கப்பலில் மெட்ராஸ் போனார்கள். "நாமளும் போயிடலாமே" என்று கனகாம்பாள் கேட்கும்போதெல்லாம் "படம் முடியட்டும்" என்பார். படம் அவர்கள் குடியிருந்த தாமுவே தெருவைப் பற்றியது. அதனால் தெருவே கிளம்பி வந்து மண்டபத்தின் பாதியை அடைத்திருந்தது. பர்மியர், சீனர், தமிழர் என்று எல்லாரும் தங்கள் முகத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். வராதவள் கீழ்வீட்டு டோ மியா ஒருத்திதான். மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கிறவள். "என் மூஞ்சிய நான் கண்ணாடியிலேயே பாத்துக்கிறேன், அதுக்கு டிக்கெட் எதுக்கு" என்று சொல்லிவிட்டாள். டிக்கெட் இலவசம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, சொன்னாலும் வந்திருக்கமாட்டாள்.

இருட்டில் நின்ற கனகாம்பாளுக்கு அழுகை வரவில்லை. அதே தெருவில் குடியிருந்த நீலாம்பாள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

போன மழைக்காலத்தில் நீலாம்பாளின் புருஷன் படகுத்துறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தூக்கிவந்தபோது தெருமுனையிலேயே தடுத்துவிட்டார்கள். வெளியில் செத்த உடம்பு குடியிருப்புக்குள் நுழைந்தால் தெருவுக்கே ஆகாது, ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும் என்பது பர்மியர் வழக்கம். கெட்டவர்கள் யாருமில்லை. தடுத்தவர்களே ஓலைப்பாய் கொண்டுவந்தார்கள், தேங்காய் கொண்டுவந்தார்கள், அழவும் அழுதார்கள். ஆனால் வழிவிடவில்லை. முன்னால் நின்று கையை விரித்து மறித்தவள் இதே டோ மியா. நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது, இவர்களுக்கும் அப்பன் ஊரில் அதே வழக்கம்தான். யாருக்கும் வாய் எழவில்லை.

நீலாம்பாள் தெருமுனைக் குழாயடியில் வைத்துத் தன் புருஷனைக் குளிப்பாட்டினாள். மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். ஒரு நாய் நகரவே மாட்டேன் என்றது. ஈரவேட்டி ஒட்டிக்கொண்டபோது அவள் தன் உடம்பைக் குறுக்கே வைத்து மறைத்தாள். அப்போதும் இந்தப் பக்கம் மறைத்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. கனகாம்பாள் பக்கத்தில் நின்றிருந்தாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

"ரவூப்பு."

"சொல்லுங்கக்கா."

"அவர் சாகல."

ரவூப் மெல்ல, "அக்கா, நான் நல்லாப் பாத்துட்டேன்," என்றான்.

"மயக்கம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். வீட்டுல போய்த்தான் என்னமும் ஆகணும். வண்டி எங்க நிக்கிது?"

புரிந்துகொள்ள ரவூப்புக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அவனும் அன்று தெருமுனையில் நின்றவன்தான். "வாசல்லதான்," என்றான். "ஆனா தாமுவே சனம் பூரா உள்ள உக்காந்திருக்கே. வெளிச்சம் போட்டா எல்லாம் சுத்திக்குமே."

அதற்குள் பிரம்பைத் தரையில் தட்டிக்கொண்டு பர்னபாஸ் வந்து சேர்ந்தார். "என்ன இத்தனை தாமதம்? தூதரகத்தார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வட்டார அதிகாரி வேறு முன்வரிசையில்..." பேச்சு பாதியில் நின்றது. ரவூப்பின் டார்ச் வெளிச்சம் ராஜரத்தினத்தின் முகத்தின்மேல் விழுந்திருந்தது.

பர்னபாஸ் தொப்பியைக் கழற்றினார். கழற்றிய கையோடு சபையின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். முப்பது வருஷப் பழக்கம், யார் செத்தாலும் முதல் சொல் அவருடையதுதான். "அன்பார்ந்த பெரியோர்களே, ஆழ்ந்த துயரத்தோடு..."

கனகாம்பாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல பிடி.

"அண்ணே. இப்ப நீங்க வாயத் தொறந்தீங்கன்னா இவரு தெருமுனையிலதான் கெடக்கணும்."

பர்னபாஸ் வாயை மூடினார். நீலாம்பாளின் புருஷனுக்கு மழையில் நின்று நீண்ட இரங்கலுரை ஆற்றியவர் அவர். குடையின் கீழே நின்று ஆற்றினார். உரை முடியும்வரை உடம்பு நனைந்துகொண்டிருந்தது.

"பெரியோர்களே," என்றார் மறுபடியும், வேறு குரலில். "ஆப்பரேட்டருக்கு... லேசான மயக்கம். புழுக்கம்தான் காரணம். யாரும் எழ வேண்டாம். ஜன்னலைத் திறக்க வேண்டாம். அடுத்து, உடனடியாக, தாமுவே."

தாமுவே என்ற சொல்லுக்கு மண்டபம் கைதட்டியது. மயக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

"அடுத்த படத்தை யார் போடுறது?" என்றார் பர்னபாஸ் கிசுகிசுப்பாக.

கனகாம்பாள் மேஜைக்கு அந்தப் பக்கம் போனாள். பிலிம் மாட்டுவதை அவள் ஆசைப்பட்டுக் கற்கவில்லை. சாயங்காலம் ஆனால் "அந்த முனையப் பிடி, இந்த வளையத்துல கொடு, கண்ணு எங்க வச்சிருக்க" என்று அவர் கத்துவார். அவள் "இதுக்கு நான் அடுப்புலயே நின்னிருப்பேன்" என்று திருப்பிக் கொடுப்பாள். அப்படியே வந்துவிட்டது. ரவூப் டார்ச்சைப் பிடித்தான். ஓடி முடிந்த சுருளைக் கழற்றி, காலிச் சுருளைக் கீழே மாட்டினாள். அவருடைய படத்தின் சுருளை மிஷினின் மேல் கையில் மாட்டினாள். நுனியைப் பல்சக்கரத்தில் கொடுத்து, லென்ஸுக்குப் பின்னால் நழுவவிட்டு, கீழே ஒரு வளையம் விட்டு, மறு சக்கரத்தில் கொடுத்தாள். வளையம் சின்னதாகிவிட்டது. பிலிம் இழுத்துக் கிழியும். எடுத்து மறுபடி விட்டாள். கீழ்ச்சுருளில் முனையைச் சொருக வேண்டிய இடத்தில் அவருடைய விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கட்டைவிரல் நுனி பிலிம் கழுவுகிற மருந்துக் கறையில் எப்போதும் போலப் பழுப்பாக இருந்தது. கையை அவர் மடியில் வைத்தாள்.

இந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை. துண்டு துண்டாகப் பார்த்ததுதான். "முழுசா ஒட்டினத நீ மண்டபத்துலதான் பாக்கணும், நாலு பேரோட ஒக்காந்து பாக்கணும்" என்று சுருளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

பர்னபாஸின் மனைவி தங்கமணி இருட்டில் தடவிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு பார்வையில் விஷயம் புரிந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"மதினி, அப்புறம் அழுவலாம்," என்றாள் கனகாம்பாள். "படம் முடிஞ்சதும் இந்தக் குமிழ இப்பிடித் திருப்பணும். நிறுத்தத் தெரியுமா?"

"இந்த மனுசன் பேச்சயே நிறுத்திப் பழகினவ," என்றாள் தங்கமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதென்ன பெரிசு."

"அண்ணே, நீங்க எங்களோட வரணும்."

பர்னபாஸ் திடுக்கிட்டார். பிணத்தைத் தொட அவருக்குப் பயம். அதை யாரும் அறியாதபடி ஆயுள் முழுக்க மேடையைக் காவலாக வைத்துக்கொண்டவர். "நன்றியுரை இருக்கிறதே, தங்கச்சி. தூதரகத்தார் காத்திருக்கிறார்."

கனகாம்பாள் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"கால் பக்கம் பிடிக்கிறேன்," என்றார் பர்னபாஸ்.

மிஷின் உறுமியது. திரையில் தாமுவே தெரு விழுந்தது. அந்த நிமிஷமே மண்டபம் கூச்சலாகிவிட்டது. அதோ எங்க வீடு, அது உங்க வீடில்ல அது என் வீடு, ஐயோ அந்தச் சட்ட எங்கிட்ட இன்னும் இருக்கு. பர்மிய மொழியும் தமிழும் கலந்து கூரையில் முட்டின. தன் முகம் வருமா என்று காத்திருக்கிற மனுஷன் பின்னால் இடி விழுந்தாலும் திரும்பமாட்டான். ராஜரத்தினத்தை எடுத்துக்கொண்டு போக அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

ரவூப் அவருடைய கைகளின் கீழே கொடுத்துத் தூக்கினான். தலை பின்னால் சாய்ந்தது. கனகாம்பாள் உள்ளங்கையால் பின்மண்டையைத் தாங்கிக்கொண்டாள். பர்னபாஸ் முழங்காலருகே பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு பிடித்ததால் கதவில் ஒருமுறை மோதினார்.

அவர்கள் கதவைத் தாண்டும்போது உள்ளே சிரிப்பு வெடித்தது. "நம்ம மா கனகாடா," என்று ஒரு பர்மியக் குரல். "பாரு பாரு, துணி காயப்போட்டுக்கிட்டே யாரையோ திட்டுறாங்க." இன்னொரு குரல், "வேற யார, கேமராக்காரரத்தான்." மறுபடி சிரிப்பு. அது பரிகாசச் சிரிப்பு இல்லை.

ரவூப் நின்றான். "அக்கா, ஒரு நிமிஷம் நான் பிடிச்சிக்கிறேன். எட்டிப் பாத்துட்டு வாங்க."

"தலை சாயுது பாரு," என்றாள் கனகாம்பாள். "நட."

ஜீப்பின் பின் இருக்கையில் அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் கனகாம்பாள், மறு பக்கம் பர்னபாஸ். உடம்பு இன்னும் துவண்டுதான் இருந்தது, அதுதான் பெரிய தொந்தரவு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பக்கம் சரிந்தது. ரவூப் ஒரு லுங்கியால் இடுப்பை இருக்கையோடு கட்டினான். ராஜரத்தினத்தின் சட்டைப்பையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து மூக்கில் மாட்டினான். துண்டைக் கழுத்தில் சுற்றித் தலையை நிமிர்த்தினான்.

"இப்ப யாரு பாத்தாலும் காய்ச்சக்காரருன்னுதான் நெனப்பாங்க," என்றான். "பேசிக்கிட்டே வாங்க. பேசாம உக்காந்திருந்தாத்தான் சந்தேகம். தலைவரே, உங்களுக்கு அது கஷ்டமில்லயே."

அன்றைக்கென்று பர்னபாஸுக்குப் பேச்சே வரவில்லை. மூட்டையோடு போகிற கூலிகள், மணியடிக்கிற சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்கள், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் எல்லாம் கடந்து போயின. எல்லாரும் ஜீப்புக்குள் பார்ப்பதாகவே அவருக்குத் தோன்றியது. உதட்டை நனைத்துக்கொண்டார். "ஆகவே, ராஜரத்தினம் அவர்களே," என்று ஆரம்பித்து அந்த ஆகவேக்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தார்.

"சும்மா பேசுங்கண்ணே," என்றாள் கனகாம்பாள். "வீட்டுல பேசுற மாதிரி."

"வீட்டுலயும் நான் இப்படித்தான் தங்கச்சி பேசுவேன்."

ரவூப் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். கனகாம்பாளுக்கும் ஏதோ ஒன்று தொண்டைவரை வந்தது. அது சிரிப்பா மற்றதா என்று பார்ப்பதற்குமுன் விழுங்கிவிட்டாள். ஒன்றை விட்டால் மற்றதும் கூடவே வந்துவிடும்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. எதிர்ப்பக்கமிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவன் நேரே இவர்களிடம் வந்தான். தாமுவே மார்க்கெட்டில் வெற்றிலை விற்கிற அப்பாசாமி. வியாபாரத்தை விட முடியாமல் படத்துக்குத் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தவன்.

"என்ன, முடிஞ்சிருச்சா? ராஜரத்தினண்ணே, நான் வெத்தல மடிக்கிறத எடுத்தீங்களே, அது வந்துச்சா இல்ல வெட்டிப்புட்டீங்களா?" என்று ஜீப்பின் கம்பியைப் பிடித்துக் குனிந்தான்.

ராஜரத்தினம் கண்ணாடிக்குப் பின்னால் பாதி மூடிய கண்களோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்தது. கனகாம்பாள் அதை ஓட்டினாள். மறுபடி வந்தது.

"என்னண்ணே, கோவமா?" என்றான் அப்பாசாமி.

பர்னபாஸ் வாயைத் திறந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். சுருக்கமாகச் சொல்லியும் பழக்கமில்லை. "அவர்... சிந்தனையில் இருக்கிறார்," என்றார்.

"வெயில்ல தலசுத்தல்," என்றாள் கனகாம்பாள். "வெத்தல படம் வந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க."

அப்பாசாமியின் முகம் மலர்ந்தது. "மோர் குடுங்கக்கா. கல்லுப்பு போட்டுக் குடுங்க. அண்ணே, ஒடம்பப் பாத்துக்கங்க." கையை நீட்டி ராஜரத்தினத்தின் தோளைத் தட்டினான். உடம்பு மெல்ல பர்னபாஸின் பக்கம் சரிந்தது. தலை அவர் தோளில் வந்து நின்றது.

பர்னபாஸ் அசையவில்லை. ரயில் போயிற்று, கேட் திறந்தது, அப்பாசாமி சைக்கிளில் ஏறிப் போனான். அப்போதும் அசையவில்லை. கொஞ்ச தூரம் போனபின் தன் கையை எடுத்து ராஜரத்தினத்தின் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

"ராஜரத்தினம்," என்றார் தாழ்ந்த குரலில். "அந்தக் கெணத்துப் படத்துல என்னதாம்ப்பா சொல்லுறான்? எனக்கு ஒரு எழவும் வெளங்கல."

அவர் வாயிலிருந்து இப்படியொரு தமிழை கனகாம்பாள் கேட்டதேயில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவருக்கும் வெளங்கலன்னாரு. நாலு தடவ போட்டுப் பாத்தாரு. கடைசியில தண்ணி வர்றப்ப ஒரு கெழவன் மண்ண மோந்து பாக்கிறான் பாரு, அது போதும்னாரு."

"அதை நான் கவனிக்கலையே," என்றார் பர்னபாஸ்.

தாமுவே தெருமுனை வந்தபோது ரவூப் வேகத்தைக் குறைத்தான். தெருவே மண்டபத்தில் இருந்ததால் ஆள் நடமாட்டமில்லை. தெருக்கோடி மாடி ஜன்னலில் மட்டும் ஒரு கிழவி சுருட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீட்டு வாசலில், மாடிப்படிக்கு நேர் எதிரே, டோ மியா குத்துக்காலிட்டு மொஹிங்காப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கனகாம்பாள் அவர் கழுத்துத் துண்டை இன்னும் இறுக்கினாள். டோ மியாவைத் தாண்டித்தான் படி.

ரவூப்பும் பர்னபாஸும் அவரை இருபுறமும் அணைத்து இறக்கினார்கள். பாதங்கள் தரையில் இழுபட்டன. "மெதுவா வாங்கண்ணே, படி இருக்கு," என்றான் ரவூப் பலமாக. டோ மியா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கருத்துக் குட்டையான, கனத்த பெண். வழியின் நடுவில் நின்றாள்.

"என்ன ஆச்சு கோ ரத்னத்துக்கு?" என்றாள் பர்மியத்தில்.

"மயக்கம், அக்கா," என்றாள் கனகாம்பாள். இருபது வருஷம் பேசிய பர்மியம் நாக்கில் புரளமாட்டேன் என்றது. "மண்டபத்துல ஒரே புழுக்கம்."

டோ மியா அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். செருப்போடு மாடியேறக் கூடாது. அவள் குனிந்து, ஒரு கையால் கணுக்காலைப் பிடித்து, மறு கையால் செருப்பைக் கழற்றினாள். இரண்டாவது செருப்பையும் கழற்றினாள். கணுக்காலைப் பிடித்த கை அங்கேயே இருந்தது, செருப்புக்குத் தேவையானதைவிட அதிக நேரம்.

நிமிர்ந்தாள். கனகாம்பாளும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கனகாம்பாள் இமைக்கவில்லை. கெஞ்சவும் இல்லை.

"என்னவாம்?" என்று கோடி மாடியிலிருந்து கிழவி குரல் கொடுத்தாள்.

டோ மியா அந்தப் பக்கம் திரும்பாமலே தொண்டையைத் திறந்தாள். மொஹிங்கா விற்கிற தொண்டை, தெரு முழுக்கக் கேட்டது. "என்னவா இருக்கும், வெயில்தான். கேமராவத் தூக்கிட்டு வெயில் மழ பாக்காம அலஞ்சா இப்படித்தான் ஆகும். எத்தன தடவ சொன்னேன் இந்த மனுசனுக்கு. கேக்கிற ஆளா?" பிறகு ராஜரத்தினத்தையே பார்த்து, அதே உரத்த குரலில், "போ, மேல போய்ப் படு. எந்திரிச்சு நடமாடினேன்னா காலை ஒடிப்பேன்," என்றாள்.

வழியை விட்டு விலகினாள். அது மட்டுமல்ல. பர்னபாஸ் இரண்டாம் படியில் தடுமாறியபோது பின்னாலிருந்து ராஜரத்தினத்தின் இடுப்பில் தோளைக் கொடுத்து முட்டித் தூக்கியவளும் அவள்தான்.

மேலே கட்டிலில் படுக்கவைத்தார்கள். கனகாம்பாள் கண்ணாடியைக் கழற்றினாள், இமைகளை அழுத்தி மூடினாள், தலையணையைச் சரிசெய்தாள். ஜன்னலைச் சாத்தினாள். ரவூப் டாக்டரை அழைத்துவரக் கிளம்பினான். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும், டாக்டர் வந்து பார்க்க வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பர்னபாஸ் படியின் மேல்தட்டில் உட்கார்ந்துவிட்டார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜீப்பில் அந்தத் தலை சாய்ந்திருந்த தோளை அவ்வப்போது மறு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகாம்பாள் கட்டில் அருகே தரையில் உட்கார்ந்தாள். மண்டபத்திலிருந்து அடக்கி அடக்கிக் கொண்டுவந்தது எல்லாம் இப்போது மார்பில் ஏறி நின்றது. வாயைத் திறந்தாள்.

படியில் காலடி கேட்டது. டோ மியா தட்டோடு வந்தாள். தட்டில் கூஜாவும் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகளும். பால் சேராத பச்சைத் தேநீர், அடுப்பிலிருந்து அப்படியே வந்தது. பர்னபாஸுக்கு ஒன்று ஊற்றிப் படியில் வைத்தாள். கனகாம்பாளுக்கு ஒன்று. மூன்றாவதை ஊற்றிக் கட்டில் தலைமாட்டில், ராஜரத்தினத்தின் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள். ஆவி நேராக எழும்பியது.

பிறகு அவளும் தரையில் உட்கார்ந்தாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கனகாம்பாளின் முழங்கால்மேல் கை வைத்தாள்.

"அவர் டீ ஆறட்டும், அதுவரைக்கும் மயக்கம்தான்," என்றாள் மெல்ல. "அப்புறம் அழு. நானும் அழுறேன்."

கனகாம்பாள் தலையாட்டினாள். தெருவில் ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. யாரோ படத்தில் பார்த்தபடியே துணி காயப்போட்டுக்கொண்டு திட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினார்கள். சிரித்தார்கள்.

அவள் கையை நீட்டி அவர் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாகத்தான் இருந்தது.